செல்லியம்மாளின் அழுகண்ணி

துளசி வளர்த்தால் புண்ணியம் என்பார்கள், முருங்கை வளர்த்தால் குழம்புக்காச்சு. செல்லியம்மாள் வளர்த்தது பூச்சி தின்கிற செடி. அதற்காகக் குடியிருந்த வீட்டையே விடத் துணிந்தாள். அடுத்த அறையில் குடியிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். இதை வேறு யாராவது சொன்னால் கண்ணும் மூக்கும் வைத்துக் கெடுத்துவிடுவார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் பெரியநாயகியம்மா வீட்டுப் பின்கட்டில் இரண்டு அறைகள் வாடகைக்கு. ஒன்றில் நானும் தறி நெய்கிற என் வீட்டுக்காரரும். மற்றதில் செல்லி. அவள் புருஷன் லாரி கிளீனராகப் போனவன் போனவன்தான். சித்தூர்ப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் என்று கேள்வி. அவன் தாய், இவள் காதிலும் கையிலும் இருந்ததைக் கழற்றிக்கொண்டு வெளியே அனுப்பினாள். செல்லி, தறிக்காரர்களுக்குப் பட்டு நூலை ராட்டையில் தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். ஊர் அவளுக்கு 'வாழாவெட்டி' என்று பட்டம் கட்டியது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடிப்போன கடங்காரனுக்கு ஒரு பேரும் கிடையாது, இருந்த இடத்திலேயே இருந்தவளுக்குப் பேராம்!

அறுபத்தேழாம் வருஷம், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்தது. சுள்ளி பொறுக்க நாங்கள் இரண்டு பேரும் திருப்பருத்திக்குன்றம் பக்கம் போனோம். ஏரிக்கரையோரம் ஈர மணலில் செக்கச்செவேலென்று காசளவு செடிகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. இலையெல்லாம் பொடி முடி. ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு சொட்டு. நடுமத்தியானத்தில் பனி ஏது என்று செல்லி குந்தி உட்கார்ந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசு அதில் உட்கார்ந்தது, எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து முடிகள் மெல்ல அதன் மேல் சாய்ந்தன.

"யக்கா, இது துன்னுதுக்கா!"

"கருமம் புடிச்சவளே, எழுந்து வாடி. மழை இருட்டிக்கினு வருது."

யார் கேட்டார்கள்? நாலு செடியை மண்ணோடு பெயர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பி வருகிற வழியில் நாட்டு மருந்துக் கடை அப்பாதுரையிடம் காட்டினாள். "அழுகண்ணிம்மா இது" என்றார் அவர். அந்தப் பேரில்தான் வந்தது வினை.

முதல் நாலும் செத்தன. ஏன் என்கிறீர்கள்? கஞ்சி போட்டாள்! எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டினால் கஞ்சி போட வேண்டும், இல்லாவிட்டால் இழை நிற்காது. பட்டிலேயே கிடக்கிற கைக்கு அந்தச் செடியின் முடியும் இழையாகத்தான் தெரிந்தது. வடித்த கஞ்சியைத் துணியில் தொட்டுத் தொட்டுத் தடவினாள். மூன்றாம் நாள் பூசணம் பூத்துக் கறுத்துப்போயிற்று. நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

செல்லி சிரிக்கவில்லை. மறுபடி போனாள், மறுபடி கொண்டுவந்தாள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். எங்கள் கிணறு உப்பு, அதிலும் செத்தன. எரு போட்டுப் பார்த்தாள்; சீக்கிரமாகச் செத்தன. அப்புறம்தான் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். அங்கே அதற்கு யார் சோறு போட்டார்கள்? வெறும் மணலும் மழையும்தானே? உடைந்த சட்டிகளில் அந்த மணலையே நிரப்பி, ஓட்டுத் தாழ்வாரத்தில் வழிகிற மழைத் தண்ணீரை மிடாப் பானையில் பிடித்து ஊற்றினாள். பிழைத்துக்கொண்டது.

கோடையில் எல்லாம் காய்ந்து சருகானது. "ஒழிஞ்சுது சனியன்" என்றேன். அவள் சட்டியைக் கொட்டாமல் அப்படியே மூடி வைத்தாள். அடுத்த மழைக்கு அந்த மணலில் கடுகைவிடப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. அன்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஐயம்பேட்டை வயல் வரப்பில் நூலாட்டம் நிமிர்ந்து நிற்கிற இன்னொரு ஜாதி அழுகண்ணி கிடைத்தது. குட்டையில் மிதந்து, பொடிப் பைகளால் தண்ணீர்ப் பூச்சியைப் பிடிக்கிற ஒரு மஞ்சள் பூச் செடி கிடைத்தது. அதற்குப் 'பைக்காரி' என்று இவளே பேர் வைத்துக் கண்ணாடிப் புட்டியில் விட்டாள். பின்கட்டுச் சுவரோரம் முழுக்கச் சட்டி சட்டியாக நின்றன.

எழுபதாம் வருஷம் தை பிறந்தது. பெரியநாயகியம்மாவின் மகள் கோமளாவைப் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வருவதாகச் சேதி. அரிசி மில்லுக்காரர்கள், நல்ல இடம். அம்மா பின்கட்டுக்கு வந்து இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"செல்லி, இத்தையெல்லாம் தூக்கி வெளிய போடு. பொண்ணு பாக்க வர்ற வூட்ல அழுகண்ணியா? பேரைக் கேட்டாலே வெளங்குமா?"

"பேர்தானம்மா அது. அது அழல, பசிக்குத் துன்னுது."

"எதிர்த்துப் பேசாதே. செடி போவணும், இல்ல நீ போவணும்."

அவள் போனதும் நான் செல்லிக்குப் புத்தி சொன்னேன். "ஏண்டி, அரிசி தீந்துபோனா நிறைஞ்சுபோச்சுன்னு சொல்றோம். விளக்கை அணைன்னு சொல்லாம குளிர வையின்னு சொல்றோம். அந்த மாதிரி இதுக்கும் ஒரு நல்ல பேரா வெச்சுட்டுப் போயேன்."

"அதுக்கு எதுக்கு யக்கா பொய்ப் பேரு? எனக்கு வெச்ச பேரே போதும்."

"அப்ப தூக்கிப் போடு! நாலு பச்சிலைக்காகத் தெருவுல நிப்பியா? தனியா இருக்கிறவளுக்கு இந்த ஊர்ல எவன் வூடு குடுப்பான்?"

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்து பார்த்தேன். "அந்த ஆளு போறப்ப என்னைக் கேட்டுட்டுப் போவல. அவங்கம்மா என் காதுல கெடந்ததைக் கழட்டறப்ப கேக்கல. இது நானா பாத்து, நானா சாவடிச்சு, நானா பொழைக்க வெச்சது. இத்தையும் ஒருத்தர் சொன்னாங்கன்னு குப்பையில போட்டா, அப்புறம் எனக்குன்னு இன்னாக்கா இருக்குது?"

ஆனாலும் அவள் முரண்டு பிடிக்கவில்லை. பெண் பார்க்கிற அன்று ஒரு நாளைக்குச் சட்டிகளைத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வதாக வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னாள். நானும் கூடப் போனேன். பெரியநாயகியம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"சரி. அப்படியே நீயும் உள்ளயே இருந்துக்கோ. அவங்க கிளம்பற வரைக்கும் கண்ணுல படாதே. நல்ல காரியம் பாரு."

செல்லி அங்கே நிற்கவில்லை. நேரே திரும்பி வந்தாள். கேட்கப் போவதற்கு முன்பே உள்ளே கொண்டுபோயிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தாள். "செடிய ஒளிப்பேன்க்கா. என்னை ஒளிக்கமாட்டேன்" என்றாள். பிறகு பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டத் தொடங்கினாள். மறுநாள் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனதும் எப்படியும் வெளியேற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். செல்லி தினமும் உட்காருகிற இடத்திலேயே ராட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் தாய் கனத்த சரீரம், படபடவென்று பேசுகிறவள். கால் கழுவப் பின்கட்டுக்கு வந்தாள். பெரியநாயகியம்மா சொம்போடு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இன்னாம்மா செடி இது? மினுமினுன்னு கீதே?"

செல்லி வாயைத் திறப்பதற்குள் பெரியநாயகியம்மா முந்திக்கொண்டாள். "அது... அது ஆனந்தக்கண்ணிங்க!"

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. செல்லி தார் சுற்றுவதை நிறுத்தினாள்.

"இல்லீங்க. அழுகண்ணி. கொசு, எறும்பு வந்து ஒட்டினா துன்னும்."

"துன்னுமா!" அந்த அம்மாள் அந்தக் கனத்த உடம்போடு குனிந்தாள். ஓர் எறும்பு மாட்டிக்கொண்டு உதைத்துக்கொண்டிருந்தது. நீட்டிய கழுத்தை எடுக்காமல் பார்த்தாள். "அட, கொலைகாரி! நீயா வளக்கிற? உன் வூட்டுக்காரர் இன்னா பண்றார்?"

"வுட்டுட்டுப் போயிட்டாருங்க."

பெரியநாயகியம்மா அவசரமாகச் சொம்பை நீட்டினாள். மாப்பிள்ளையின் தாய் செல்லியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சம்பந்தம் கூடி வந்தது! அது மட்டுமா? நாலு நாள் கழித்துப் பெரியநாயகியம்மா பின்கட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை கை இடுப்பில் இல்லை.

"செல்லி... சம்பந்தியம்மா கேக்கறாங்கடி. சீரோட அந்தச் செடி ஒரு சட்டி அனுப்பச் சொல்லி. ஒண்ணு குடுப்பியா?"

"குடுப்பேம்மா. ஆனா வேற யார் கையிலயும் தரமாட்டேன். சீர்த்தட்டு வரிசையில நானே தூக்கிக்கினு வருவேன்."

"நீயா? சீர் வரிசையிலயா? சுமங்கலிங்க வர்ற..."

"எம்புருசன் சாவலியேம்மா. ஓடித்தானே போனான்?"

பெரியநாயகியம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினாள்.

மாசிக் கல்யாணம். வாலாஜாபாத் தெருவில் மேளம் முன்னால் போக, பழத்தட்டுக்கும் புடவைத் தட்டுக்கும் நடுவில் செல்லி மண்சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். எங்கள் தெருப் பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலில் மாப்பிள்ளையின் தாய் தட்டு கொண்டுவந்தவர்களுக்கு ஒவ்வொருவராகச் சந்தனமும் குங்குமமும் கொடுத்தாள். செல்லி முறை வந்ததும் பெரியநாயகியம்மா அவசரமாக, "இவளுக்கு வேணாங்க, இவ..." என்று ஆரம்பித்தாள்.

"சும்மா இரு சம்பந்தி, எனக்குத் தெரியும்" என்றாள் அந்த அம்மாள். "அவ ரெண்டு கையிலயும் சட்டி இருக்குது. எப்படி எடுத்துக்குவா?" தன் விரலால் குங்குமத்தை எடுத்துச் செல்லியின் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

செல்லி சட்டியைக் கெட்டியாகப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள். நான்தான் பின்னால் நின்று முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.