துடுப்பைக் கீழே வைக்காத புதன்கிழமை

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் டாக்டர் திருமூர்த்தியின் பல் கிளினிக்குக்குப் புதன்கிழமை விடுமுறை. குளிர்காலம் முடிந்துவிட்டால், அன்று காலை கயாக் படகைக் காரின் மேல் கட்டிக்கொண்டு கிங்ஸ்டன் கால்வாய்க்குக் கிளம்பிவிடுவார். தனியாகத்தான். மனைவி வான்மதிக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஐந்து மைல் தள்ளி, அந்தக் காலத்தில் நீர்மட்டம் மாறும் இடத்தில் படகுகளை ஏற்றி இறக்கிய பழைய மதகு, லாக் ஒன்று இருக்கிறது. அதுவரை போய், கரையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

அந்தப் புதன்கிழமை சாப்பாடு கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் முன்னால் நரம்பியல் டாக்டர் அவருக்குப் பார்க்கின்சன்ஸ் என்ற நடுக்க நோய் ஆரம்பித்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அவரிடம் போனதை மறைத்து, காருக்கு டயர் மாற்றப் போனதாக வான்மதியிடம் சொல்லி வைத்திருந்தார் திருமூர்த்தி.

தண்ணீரில் இறங்கியதும் கை சொன்னபடி கேட்டது. மரக்கட்டைகளில் வெயில் காய்ந்த ஆமைகள் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கின. ஒரு மைல் போனதும் தண்ணீர் குடிக்கலாம் என்று துடுப்பை மடியில் வைத்தார். வலது கட்டைவிரல், ஏதோ மாத்திரையை உருட்டுவதுபோல ஆட்காட்டி விரல்மேல் உருள ஆரம்பித்தது. சட்டென்று துடுப்பை எடுத்து வலித்தார். விரல் உருள்வது நின்றுவிட்டது. அதன்பிறகு அவர் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

போன வியாழக்கிழமையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வயதான ஒரு அமெரிக்கருக்கு ட்ரில் வழுக்கிக் கன்னத்தின் உள்பக்கம் கிழிந்தது. மூன்று தையல். "கன்னத்தை ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று அந்தப் பெரியவருக்கு முன்னாலேயே உதவியாளர் ராஜராணியை இங்கிலீஷில் கடிந்துகொண்டார். யாழ்ப்பாணத்துப் பெண், அவரிடம் ஒன்பது வருடமாக வேலை செய்கிறவள். அவளே பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டாள். சாயங்காலம் பெரியவரின் சிகிச்சைக் குறிப்பான சார்ட்டிலும் 'உதவியாளரின் கவனக்குறைவு' என்றே எழுதினார் திருமூர்த்தி.

லாக் வந்தது. அங்கே தண்ணீர் கொட்டுவதால் படகைக் கரை வழியாகத் தூக்கிச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். எப்போதும் அங்கேயே திரும்புகிறவர், அன்று படகைத் தோளில் ஏற்றி மறுபக்கம் இறக்கித் தொடர்ந்து போனார். இன்னும் நான்கு மைல். திரும்பும்போது நீரோட்டம் எதிரே வந்தது. மறுபடி லாக்கை அடைந்தபோது மணி மூன்று. தோள் மரத்துவிட்டது, வயிறு காய்ந்தது. கரையோரம் நின்று கயாக்கைத் தூக்கப் பார்த்தார். சேற்றில் கால் வழுக்கி, மார்பளவு தண்ணீரில் விழுந்தார்.

கரைப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் அவரையும் படகையும் இழுத்துக் கரையேற்றினார். யாரையாவது கூப்பிடவா என்று கேட்டார். வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டு, நனையாத உறைக்குள்ளிருந்து போனை எடுத்தார் திருமூர்த்தி. ராஜராணியைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கோ டொக்டர்."

"வியாழக்கிழமை நடந்தது உங்க தப்பு இல்லைங்க. என் கை. எனக்குப் பார்க்கின்சன்ஸ்."

"கையிலை ஏதோ பிழையெண்டு தெரியும் டொக்டர். சும்மா இருக்கேக்கை உங்கட கை நடுங்கிறதை வின்டர்லயே பாத்திட்டன்."

"அப்புறம் ஏங்க சொல்லலை?"

"எனக்கு வேலை வேணும். ரெண்டு பிள்ளையளும் காலேஜ்ல." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சார்ட்டில எழுதினதையும் வாசிச்சனான். முதல்ல அதைத் திருத்துங்கோ. மற்றதைப் பிறகு பாப்பம்."

"திருத்திடறேன். நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கேன்சல் பண்ணிடுங்க."

"நாளைக்கு மட்டுமோ?"

"எல்லாத்தையும்" என்றார் அவர்.

அதன்பிறகுதான் வான்மதியைக் கூப்பிட்டார். அரை மணியில் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஈரத்தோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவள், விஷயத்தைக் கேட்டதும் பக்கத்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு நாளா எங்கிட்ட மறைச்சீங்களா?"

"சொன்னா நிஜமாயிடும்னு இருந்துச்சு."

அவள் அழவில்லை. அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். அப்போதும் அது நடுங்கியது.

மறுநாள் சார்ட்டைத் திருத்தினார். பெரியவருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னார். பெரியவர் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வாரமே உரிமம் வழங்கும் வாரியத்தில் புகார் கொடுத்தார். கோடை முடிவதற்குள் கிளினிக் கைமாறியது. வேறொரு டாக்டரிடம் சேர்ந்துவிட்ட ராஜராணியையும் விசாரணைக்கு அழைத்தார்கள். டாக்டர் தானாகவே கூப்பிட்டு ஒப்புக்கொண்டார் என்றாள். கன்னம் கிழிந்து எத்தனை நாளில் என்று கேட்டார்கள்.

"ஆறு நாள் கழிச்சு" என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த திருமூர்த்தி, ஆமாம் என்று தலையசைத்தார்.