ஜெபசுதாவின் பத்மினிக்கு நாலு சக்கரம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்குகிற சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற ஏஜென்சி ஒன்றில் ஜெபசுதா வேலை பார்க்கிறாள். கண்டெய்னர் கதவில் இருக்கிற சீல் நம்பரில் ஒரு எழுத்து மங்கியிருந்தால் போதும், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரையும் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் லாரியை நகர விடுவாள். லாரி டிரைவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சொந்த ஊர் நாசரேத், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்கள் எல்லாரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

அவளிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருக்கிறது. கியர் கம்பு ஸ்டியரிங்கை ஒட்டியே நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் காலத்து ஃபியட் கார், அதுதான். வானநீல நிறம். பழைய கப்பல் கம்பெனி ஒன்று கடையைக் கட்டியபோது, ஷெட்டின் மூலையில் யாரும் சீந்தாமல் கிடந்ததை இவள் போய் வாங்கிவந்தாள். ஆபீஸே சிரித்தது. அடுத்த மாதமே அதில் ஏறிக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் அவள் போன போக்கைப் பார்த்து, சிரித்தவர்கள் லிஃப்ட் கேட்க ஆரம்பித்தார்கள்.

கல்யாண வீடுகளில் கல்யாணமாகாத அத்தைமாருக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்டோர் ரூம் சாவி. பெண் புறப்படும்போது வீடே வாசலில் திரண்டு நிற்கும். ஜெபசுதா மட்டும் அரிசி மூட்டைக்கும் வாழையிலைக் கட்டுக்கும் காவலாக உள்ளே நிற்பாள். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அதனால்தான் அவளால் சண்டைபோடவும் முடியவில்லை. ஆனாலும் வலிக்கத்தான் செய்தது.

இந்த நிலையில்தான் அண்ணன் மகள் ஜெப்ஸி தன் கல்யாணப் பேச்சின் நடுவே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "நான் கோயிலுக்கு அத்தை கார்லதான் போவேன். அத்தைதான் ஓட்டணும்."

அண்ணன் ஜேசுபாதம் ரிட்டயரான ஹெட்மாஸ்டர். வீட்டிலும் மணி அடித்தால்தான் சாப்பிடுவார் என்று ஊரில் கேலி செய்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாத்தான்குளத்தில் பெரிய வியாபாரிகள். பெண் வருவதற்கு அவர்களே ஒரு பெரிய வெள்ளைக் கார் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அந்த டப்பாவுலயா?" என்றார் ஜேசுபாதம். "ஏளா சுதா, ஒன் வண்டி சக்கரத்த நீயே போய்ப் பாரு. துருப்பிடிச்சுப் போயி பாதி ரிம்மயே காணோம். அதுல என் பிள்ளைய ஏத்தி அனுப்பவா? சக்கரத்த மாத்திட்டு வா, பாப்போம்."

அண்ணன் சொன்னதில் தப்பில்லை. உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டிக்குத் துருப்பிடிக்காமல் மெருகா ஏறும்? ரிம்மின் விளிம்பு அரித்துப்போய், டயர் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றை விட்டுவிடும். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அவள் செய்கிற வேலை பம்பை எடுத்துக் காற்றடிப்பது. ஆனாலும் 'டப்பா' என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மாற்றியே தீருவதென்று நாசரேத்தில் தூத்துக்குடி பஸ் ஏறினாள்.

ரோச்சின் டயர் கடை பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு பரோட்டா கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரோச் பழகுவதற்குத் தங்கமான ஆள். ஆனால் பளபளப்பைக் கண்டால் மயங்கிவிடுவார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய், கண்ணைப் பறிக்கிற நாலு அலாய் வீலை உருட்டிக்கொண்டு வந்தார்.

"யக்கா, இதப் பாருங்க. புதுசா வாங்குன மாருதியில இருந்து ஒருத்தர் கழட்டிப் போட்டுட்டுப் போனது. ஒங்க வண்டிக்கும் நாலு போல்ட், இதுக்கும் நாலு ஓட்டை. கல்யாணப் பொண்ணே தோத்துப்போவா."

ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். முதல் போல்ட் அழகாக உள்ளே போனது. இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. மூன்றாவது ஓரமாக உரசிக்கொண்டு போனது. ஜெபசுதாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சீல் நம்பர் பார்க்கிற அதே பார்வையோடு குனிந்து, ஸ்கேல் வாங்கி அளந்தாள். போல்ட்டுகள் நிற்கிற வட்டம் ஃபியட்டுக்குத் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர், இந்த வீலுக்கு நூறு.

"ரெண்டு மில்லிதானக்கா," என்றார் ரோச். "நல்லா இறுக்குனா உக்காந்துரும்."

"இறுக்குனா உக்காரும் தம்பி. ஓடுனா எந்திரிச்சுப் போயிரும்," என்றாள் ஜெபசுதா. "ஃபியட்டு வீலாப் பாருங்க."

ரோச்சுக்கு முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவர். எங்கெங்கோ போன் போட்டு, மதுரையில் பழைய ஃபியட் சின்னக் கார் ஒன்றின் அலாய் வீல்களைப் பிடித்துவிட்டார். போல்ட் நாலும் வெண்ணெயாக இறங்கின. இப்போது மடக்குவது ரோச்சின் முறை. "யக்கா, ஓட்டை சரியா இருந்தா மட்டும் போதாது. சக்கரம் உள்ள எவ்வளவு தள்ளி உக்காருதுன்னு பாக்கணும். இங்கன பாருங்க, ஸ்டியரிங் கம்பிக்கும் இதுக்கும் ஒரு விரல்கூட இல்ல." அதற்கு ஒரு தகட்டு வளையத்தைக் கடைந்து நடுவில் கொடுத்து, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளினார்.

அடுத்து டயர். உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும் என்பதால் பழைய உயரத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற மாதிரி இரண்டு டயரை எடுத்து நிறுத்தினார்கள். ஒன்று நூற்று அறுபத்தைந்து மில்லி அகலம், ஒன்று நூற்று எழுபத்தைந்து. புத்தி ஒல்லியான டயரைத்தான் காட்டியது. ஆனால் அகலமான டயரோடு நீலப் பத்மினி நிற்கிற நிற்பு இருக்கிறதே, அதை என்ன சொல்வது. காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி, 'யாருடா டப்பா என்று சொன்னது' என்று கேட்கிற மாதிரி இருந்தது. கண்டெய்னர் சீலில் ஒரு எழுத்து மங்கினால் விடாதவள் இந்த இடத்தில் சறுக்கினாள். கல்யாணப் போட்டோவில் எப்படித் தெரியும் என்று நினைத்துவிட்டாள். ரோச்சும் ஆசையில் தலையாட்டிவிட்டார்.

மட்கார்டில் இடிக்குமா இடிக்காதா என்று பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்துப் பரோட்டா கடையில் கொஞ்சம் மாவு வாங்கி, மட்கார்டின் உள்விளிம்பில் அப்பினாள். டயர் தொட்டால் மாவில் தடம் விழுந்துவிடும். மாஸ்டர் மாவைக் கொடுத்துவிட்டு, காருக்குப் பரோட்டா சுடுகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தோசைக்கரண்டியோடு வாசலுக்கே வந்து நின்றார்.

வண்டியில் பாரம் ஏற்றினால்தானே தெரியும்? தூத்துக்குடியில் பாரம் என்றால் யாருக்கும் வேறொன்று தோன்றாது. பந்தல் கால் காற்றில் ஆடினால் உப்பு மூட்டை. தராசைச் சோதிக்க உப்பு மூட்டை. ஜெபசுதாவும் பின்சீட்டில் தார்ப்பாய் விரித்து, ஆளுக்கு ஒன்று என்று மூன்று உப்பு மூட்டைகளை வரிசையாக உட்கார வைத்தாள். முன்னால் ரோச் ஏறிக்கொண்டார். துறைமுக ரோட்டில் போய்விட்டுத் திரும்பினார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு அது. வந்து பார்த்தால் மாவில் ஒரு கீறல் இல்லை. ரோச் சிலுவை போட்டுக்கொண்டார். உப்பு மூட்டை வைத்த இடத்தில் அசையாமல் இருக்கும், மனிதர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பத்மினி நாசரேத் வந்து சேர்ந்தது. ஜேசுபாதம் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். குனிந்து டயரைத் தட்டினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததால், "ஹார்ன் சத்தம் பத்தாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜெபசுதாவுக்கு அதுவே பெரிய சர்டிபிகேட். அன்றைக்கு ஸ்டோர் ரூம் சாவியை வேறு யாரோ இடுப்பில் செருகியிருந்தார்கள்.

மறுநாள் காலை மல்லிகைச் சரம் சுற்றிய பத்மினி வாசலில் நின்றது. பின்சீட்டில் நடுவே ஜெப்ஸி. ஒரு பக்கம் அவள் அம்மா, ஜாய் மதினி. மறுபக்கம் மதினியின் தங்கை. பட்டும் நகையும் பூவுமாக மூன்று பேரும் சீட்டை அடைத்துக்கொண்டார்கள். முன்னால் கோட்டும் டையுமாக ஜேசுபாதம். தெரு நேராக இருக்கிறவரை ஜெபசுதாவுக்கு ஆகாயத்தில் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினாள். பின்னால் மூன்று பேரும் ஒருசேர வலப்பக்கம் சாய்ந்தார்கள். கர்ர்ர் என்று ஒரு சத்தம். ரப்பர் தீய்கிற வாடை உள்ளே வந்தது.

"என்ன சுதா சத்தம்?" என்றாள் ஜாய்.

ஜெபசுதா பிரேக்கை மிதித்தாள். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். வலப்பக்கப் பின் டயரின் தோளை மட்கார்டின் விளிம்பு சீவியிருந்தது. லேசான சீவல்தான். கோயில் ஒன்றும் தூரமில்லை. வாயை மூடிக்கொண்டு மெதுவாக ஓட்டினால் போய்ச் சேர்ந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னும் நாலு திருப்பம் இருக்கிறது, உள்ளே இருப்பது ஜெப்ஸி.

அப்போதுதான் பார்த்தாள். பின்னால் கொஞ்சம் தள்ளி, மாப்பிள்ளை வீட்டாரின் பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது. அதை யார் வரச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை. ஜேசுபாதம் அந்தப் பக்கம் பார்க்காமல் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கார் வந்ததுகூட நல்லதாகப் போயிற்றே என்று நினைக்க வேண்டியிருந்ததில் இன்னும் கூடுதலாக வந்தது.

ஜெபசுதா பின்கதவைத் திறந்தாள். "ஜெப்ஸி, டயர் இடிக்கு. நாந்தான் அகலமா எடுத்துட்டேன், தப்பு என்னுது. நீ அந்த வண்டியில ஏறிக்கோ தாயி. நான் பின்னாலயே வாரேன்."

ஜெப்ஸி அசைந்து கொடுக்கவில்லை. "எத்தன பேரு எறங்குனா இடிக்காது, அத்தை?"

"ரெண்டு பேரு."

"அம்மா, சித்தியக் கூட்டிட்டு அந்த வண்டியில ஏறுங்க. அதுல ஏசி இருக்கு."

ஏசி என்றதும் ஜாய் மதினியின் தங்கை முதல் ஆளாக இறங்கிவிட்டாள். மதினியும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள். ஜேசுபாதமும் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். வெள்ளைக் காரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கையில் டயர் கரியோடு நிற்கிற தங்கையைப் பார்த்தார்.

"ஏளா, முன்னால நான் இருந்தா இடிக்குமா?"

"முன்னால இடிக்காது அண்ணே."

"அப்பம் எடு வண்டிய," என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததை நாசரேத்தில் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எந்த மாணவனும் ஜன்னல் வழியே தலையை நீட்டக் கூடாது என்று சர்வீஸ் முழுக்கப் பிரம்பைக் காட்டிய மனிதர், தலையையும் பாதி உடம்பையும் வெளியே நீட்டிக்கொண்டு பின்சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். "ஸ்டியரிங்க மெல்ல ஒடி. ஆங், சத்தமில்ல. போ." ஒவ்வொரு திருப்பத்திலும் ஜெப்ஸி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. டயர் ஒரு இடத்திலும் தொடவில்லை.

கோயில் வாசல் வந்தது. ரோட்டிலிருந்து கேட்டுக்குள் ஒரே ஒடியாக ஒடிக்க வேண்டும், நடுவில் சாக்கடை மேட்டில் ஏறி இறங்கவும் வேண்டும். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக நின்றார்கள். வெள்ளைக் காரை எதிர்பார்த்திருந்த கண்கள் எல்லாம் நீலப் பத்மினி மேல் விழுந்தன. இங்கே இடித்தால் அத்தனை பேர் காதிலும் விழும். ஜெபசுதா கியரைக் குறைத்தாள்.

"நிப்பாட்டு," என்றார் ஜேசுபாதம்.

இறங்கினார். கோட்டின் பட்டனைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய், முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கண்ணை வைத்துக்கொண்டார். இன்னொரு கையை வீசி, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி கத்தினார். "ஒடி... ஒடி... இன்னும் ஒடி. எடம் கெடக்கு ளா, பயப்படாம வா. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் வந்தாள். வண்டி மேட்டில் ஏறி, இறங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் கோயில் முற்றத்தில் போய் நின்றது. ஜெபசுதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பட்டுச்சேலையில் துடைத்தால் கரி ஒட்டிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்தில் வந்து வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இது யாரு வண்டி?"

ஜேசுபாதம் கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டே நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. "என் தங்கச்சி வண்டி," என்றார். "அவதான் ஓட்டுதா."

ஜெபசுதா ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிப் போய் ஜெப்ஸிக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.