மொனிட்டரில் ஒட்டிய தாள்

யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அரச கந்தோரில் இருபத்தாறு வருடம் கணினி திருத்தும் வேலை பார்த்தேன். அந்த இருபத்தாறு வருடத்தில் நான் வெட்கப்படுகிற நாள் ஒன்று உண்டு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன். எழுதும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது. வரட்டும்.

1. பன்னிரண்டு பெட்டிகள்

விண்டோஸ் பத்துக்கு இனி அப்டேட் இல்லை என்றவுடன் எங்கள் கந்தோருக்குப் புதிய கணினிகள் வந்து இறங்கின. பழைய டெஸ்க்டொப்புகள் பன்னிரண்டையும் மூலையில் அடுக்கினார்கள். அவற்றில் ஒரு பழுதும் இல்லை. தூசி ஊதி, தேர்மல் பேஸ்ட் மாற்றி, லினக்ஸ் போட்டுவிட்டால் இன்னும் பல வருடம் ஓடும். உடுப்பிட்டிப் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலையில் இரண்டே இரண்டு கணினிகள்தான் இருப்பதாக எனக்குத் தெரியும். அங்கே கொடுக்கலாம் என்று நானே எழுதிக் கேட்டேன். பணிப்பாளர் சம்மதித்தார். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, "வேலை செய்யும் நிலையில் உள்ளன" என்று சான்றுக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். கடிதம் பாடசாலைக்குப் போனது.

டிஸ்க்குகளை முறையாக அழித்து லினக்ஸ் போட, பத்து நாள் கேட்டேன்.

"பத்து நாளோ? வெள்ளிக்கிழமை கொழும்பிலை இருந்து பெரியவர் வாறார். அண்டைக்கே குடுக்க வேணும்," என்றார் பணிப்பாளர்.

"உள்ளுக்குச் சனத்தின்ரை விவரமெல்லாம் கிடக்கு, சேர். அழிக்காமல் வெளியிலை விடேலாது."

"அதை நான் பாக்கிறன்."

மனைவிக்குக் கண் ஒபரேசன். இரண்டு நாள் லீவில் நின்றுவிட்டு வியாழக்கிழமை திரும்பி வந்தேன். ஒரு பெட்டிக்குக் கரண்ட் போட்டேன். கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை என்று வந்தது. அடுத்ததும் அப்படியே. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பன்னிரண்டிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. களஞ்சியக்காரரைக் கேட்டேன்.

"பணிப்பாளர் உடைக்கச் சொன்னவர். சுத்தியலாலை அடிச்சுச் சாக்கிலை கட்டி வைச்சிருக்கிறன்," என்றார்.

அழிக்கிற புரோகிராமை ஒவ்வொன்றிலும் ஒரு இரவு ஓடவிட்டால் எல்லாம் தானாக அழிந்திருக்கும். அதற்குச் சுத்தியல்! பணிப்பாளரிடம் ஓடினேன். அவர் பைலில் இருந்து தலையை எடுக்கவில்லை.

"நாளைக்கு ஒருத்தரும் கரண்ட் போட்டுப் பாக்கப் போறேல்லை. படம் எடுக்கத்தானே? விண்டோஸ் முகப்பைக் கலரிலை அடிச்சு மொனிட்டரிலை ஒட்டிவிடும்."

நான் ஒட்டினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஏ3 தாளில் பன்னிரண்டு பிரதி அடித்து, ஓரம் வெட்டி, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். குமிழ் விழாமல் கைக்குட்டையால் தடவியும் விட்டேன்.

2. வதனி ரீச்சர்

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. நாடா வெட்டினார்கள். பெரியவர் ஒரு கதிரையில் இருந்து கீபோர்ட்டில் கை வைத்தார். கமெரா மின்னியது. வடை, கேக், நெக்டோ சோடா. அரை மணித்தியாலத்தில் வாகனங்கள் கிளம்பிவிட்டன. வயர்களைச் சுற்றிக்கொண்டு நான் கடைசியாக நின்றேன்.

கணினிப் பாடம் படிப்பிக்கிற வதனி ரீச்சர் ஒரு மொனிட்டருக்கு முன்னால் நின்று நகத்தால் மூலையைக் கிளப்பினார். தாள் உரிந்து கையோடு வந்தது.

"அண்ணை, இதென்ன?"

வயர்க் கட்டைக் கீழே வைத்தேன்.

"உங்கடை கடிதத்தை நம்பி, இருந்த ரெண்டையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திட்டம். அவைக்கு ஒண்டும் இல்லையெண்டு நான்தான் அதிபரிட்டைச் சொல்லிக் குடுத்தனான். என்ரை பதினோராம் ஆண்டுப் பிள்ளையள் கொப்பியிலை கீபோர்ட் கீறி விரல் வைச்சுப் பழகினவை. திங்கட்கிழமை அவைக்கு நான் என்ன சொல்லுறது? கையெழுத்து உங்கடைதானே?"

அவர் சத்தம் போடவில்லை. தாளை நான்காக மடித்து என் கையில் தந்தார். மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியெல்லாம் பணிப்பாளரைத் திட்டினேன். வல்லை வெளி தாண்டியபோதுதான் தாளைத் தடவிவிட்டது யாருடைய கை என்று உறைத்தது.

3. ஏழு மாதம்

திங்கள் காலை, சான்றுக் கடிதத்தில் வைத்த கையெழுத்தை மீளப் பெறுகிறேன் என்று காரணத்தோடு எழுதி பைலில் போட்டேன். ஒரு பிரதியைப் பாடசாலைக்கும் அனுப்பினேன். மதியத்துக்குள் பணிப்பாளர் கூப்பிட்டார்.

"உமக்குப் பென்சனுக்கு எத்தினை மாசம் கிடக்கு?"

"ஏழு, சேர்."

"குடுத்த சாமானுக்கு இனிப் பள்ளிக்கூடம்தான் பொறுப்பு. ஏழு மாசத்தை ஏன் பழுதாக்கிறீர்? கடிதத்தைத் திருப்பி எடும்."

"எடுக்கேலாது, சேர். ஒட்டச் சொன்னது நீங்கள் எண்டும் எழுதியிருக்கிறன்."

அடுத்த நாளே என்னைக் களஞ்சிய அறைக்கு மாற்றினார்.

டிஸ்க் இல்லாத கணினி செத்த கணினி என்று நினைக்காதீர்கள். ஒன்றில் மட்டும் டிஸ்க் இருந்தால் போதும். மற்றவை நெட்வேர்க் கேபிள் வழியாக அதிலிருந்தே லினக்ஸை எடுத்து ஓடும். என் வீட்டு டெஸ்க்டொப்பில் இருந்த எஸ்.எஸ்.டி. டிஸ்க்கைக் கழற்றி, பன்னிரண்டில் ஒன்றில் பூட்டி அதைத் தலைமைக் கணினியாக வைத்தேன். சண்டிலிப்பாயில் முன்பு நெட் கபே நடத்திய நண்பர் பதினாறு போர்ட் நெட்வேர்க் சுவிட்ச் ஒன்றையும் ஒரு கட்டுக் கேபிளையும் தந்தார். இன்னொன்றின் மதர்போர்ட்டில், நான் சோதித்த பிறகு கப்பாசிட்டர் ஒன்று ஊதிப் பழுதாகியிருந்தது. அதன் றாம் நினைவகத்தைக் கழற்றித் தலைமைக் கணினியில் போட்டேன்.

முதல் சனிக்கிழமை பாடசாலைக்குப் போய் எல்லாவற்றையும் இணைத்தபோது ஒன்றும் எழும்பவில்லை. வதனி ரீச்சர் கேபிள் நுனிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே இருந்தார். என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இரண்டாம் சனிக்கிழமை நான்கு எழும்பின. மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் பதினொன்றும் ஓடின. ரீச்சர் ஒவ்வொன்றிலும் இருந்து தன் பெயரைத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் கேட்டார்:

"அண்ணை, தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"ஓம்," என்றேன்.

4. களஞ்சிய அறை

தண்டனையாக என்னை அனுப்பிய அந்த அறையில், வேறு கிளைகளில் இருந்து வந்த எட்டு டெஸ்க்டொப்புகள் கிடந்தன. ஒரு நாள் களஞ்சியக்காரர் சுத்தியலோடு வந்தார். நான் எழும்பிக் கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

"அண்ணை, விலகுங்கோ. பணிப்பாளர் சொன்னவர்."

"எழுத்திலை வாங்கிக்கொண்டு வாரும். உடைக்கச் சொல்லி அவர் கையெழுத்து வைக்கட்டும். அதுவரைக்கும் ஒண்டிலும் கை வைக்க விடமாட்டன்."

அவர் போனார். எழுத்து வரவில்லை. அப்படிப்பட்ட கட்டளைகள் எழுத்தில் வராது. எட்டு டிஸ்க்குகளையும் முறையாக அழித்து, லினக்ஸ் போட்டு, ஒவ்வொரு பெட்டியின் மேலும் என்ன செய்தேன் என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். பிரியாவிடைக்குப் பணிப்பாளர் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இப்போது அவருக்குப் பதவி உயர்வு. நாடா வெட்டிய படம் கந்தோர் நடைபாதையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பெட்டியை ஒப்படைக்கிற இடத்திலேயே கரண்ட் போட்டுக் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பழைய கணினியை இல்லாதவனுக்குக் கொடுக்கும்போது, இல்லாதவன்தானே என்று குறையாகக் கொடுக்காதீர்கள். மேலிடத்தில் பிழையான வேலையைச் சொன்னால், கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அந்த மேசைக்கு முன்னாலேயே காட்டுங்கள். என் கோபம் ஒரு நாள் பிந்தி வந்தது. அந்த ஒரு நாளுக்கு மன்னிப்புக் கேட்க, மூன்று சனிக்கிழமை உடுப்பிட்டிக்குப் போய்வந்தும், வதனி ரீச்சரிடம் அந்தச் சொல்லை இன்னும் நான் வாய் திறந்து சொல்லவில்லை.