வீமனுக்குத் தெரிந்த ஸ்பானிஷ்

வவுனியாவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஸ்பெயின் நாட்டு நர்ஸ் ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஆஸ்பத்திரியில் அரைகுறை ஆங்கிலம், கடையில் கைச்சாடை, எங்களோடு வெறும் சிரிப்பு. தன் மொழியில் அவர் வாய் நிறையக் கதைத்தது வீமனோடு மட்டுந்தான். வீமன் எங்கள் நாய்.

அம்மா தமிழில் அதட்டினால் வீமன் படுப்பான். பேக்கரிப் பாண் விற்க வருபவர் சிங்களத்தில் கூப்பிட்டால் வாலாட்டுவான். பின்னேரம் வேலையால் வரும் நர்ஸ், "கோமோ எஸ்தாஸ், மி அமோர்?" என்றதும் ஓடிப்போய் அவர் மடியில் தலை வைப்பான்.

"மூண்டு பாஷை தெரிஞ்ச நாய். நீ தமிழிலையே பெயில்," என்றார் அப்பா.

ஒன்பது வயதில் எனக்கும் ரோசம் இருந்தது. கதவு இடுக்கில் நின்று அந்த வசனத்தைப் பாடமாக்கினேன். சொன்னதும் வீமனுக்கு பிஸ்கட் கிடைப்பதால், 'சாப்பிட வா' என்பதுதான் அதன் பொருள் என்று ஆராய்ந்து முடிவுகட்டினேன்.

ஒருநாள் அம்மா பிட்டுத் தட்டோடு என்னை நர்ஸிடம் அனுப்பினார். நெஞ்சை நிமிர்த்தி, அவருடைய ராகத்திலேயே அந்த வசனத்தை எடுத்துவிட்டேன்.

நர்ஸ் தட்டை வாங்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

போச்சு, தூஷணம் சொல்லிவிட்டேன்! தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கோழிக்கூட்டின் பின்னால் ஒளித்தேன். முதலில் பொலிஸ் வரும், பிறகு ஸ்பெயினிலிருந்து கப்பல் வரும் என்று கணக்குப் போட்டேன். வீமனும் வந்து பக்கத்தில் குந்தினான். "நீதானேடா பழக்கினனீ," என்று அவனைத் திட்டினேன்.

அம்மா என் காதைப் பிடித்து நர்ஸிடம் இழுத்துப் போனார்.

"அவாவுக்கு என்னடா சொன்னனீ?"

"வீமனுக்கு அவா சொல்லுறதைத்தான் அம்மா."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொருமுறை சொல் என்று விரலால் காட்டினார். விக்கி விக்கிச் சொன்னேன். அதன்பிறகு அவர் கதைத்தார், கதைத்தார், பிட்டு ஆறிக் காயும்வரை கதைத்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வீமனைப் பார்த்து, அவன் தலையைச் சரித்த பக்கமெல்லாம் நானும் சரித்தேன். இருவருக்கும் பிஸ்கட் கிடைத்தது.

அடுத்த நாளிலிருந்து எனக்கு அவரிடம் ஸ்பானிஷ் வகுப்பு. முதல் பாடமே அந்த வசனந்தான்: 'எப்படி இருக்கிறாய், என் அன்பே?' சுகம் விசாரித்ததற்கு ஒருவர் ஏன் அழவேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

அது பிடிபட, நூறு பாஷை பேசும் வெளிநாட்டு நகரமொன்றுக்கு நான் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டுப் பூனையிடம் "சாப்பிட்டியா ராசா?" என்று கேட்டுவிட்டு, அதன் பதிலுக்காகப் படியில் காத்துக்கொண்டிருந்தேன்.