டர்பனுக்குப் போகாத பெட்டிகள்

அத்தை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். பெட்டியில் ஒட்டும் லேபிள்களில் அச்சு பிசகியவற்றை எனக்குக் கொண்டுவந்து தருவாள். அவற்றில் இருக்கும் ஊர்களை அட்லஸில் தேடிப் பிடிப்பது என் விளையாட்டு. அது எண்பதுகள். எனக்குப் பத்து வயது. உலகத்துக்கே செருப்பு மாட்டிவிடுவது என் அத்தைதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் 'டர்பன்' என்று ஒரு லேபிள் வந்தது. ஐரோப்பா முழுக்கத் தேடியும் அந்த ஊர் இல்லை. கடைசியில் ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியில், கடலோரமாக அகப்பட்டது. நான் போட்ட கூச்சலில் அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு வந்தார்.

"தென் ஆப்பிரிக்காவா? அங்க கறுப்பு ஜனங்களுக்குத் தனி பெஞ்சு, தனி பஸ்சு. அதனால நாம அவங்களோட வியாபாரமே வச்சிக்கிறதில்ல. சுதந்திரத்துக்கு முன்னாடியே ஐ.நா.வுல நியாயம் கேட்டாச்சு. பாஸ்போர்ட்லயே அந்த நாடு கெடையாதுன்னு போட்டிருக்கும்" என்றார்.

அத்தை அந்த லேபிளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. என்னையும் அட்லஸையும் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நேராக மேனேஜரிடம் போய், நம்ம பெட்டி டர்பனுக்கா போகுது என்று கேட்டாள்.

"ஆர்டர் குடுத்தது ஐரோப்பாக்காரன். பெட்டி எங்க போனா உனக்கு இன்னா? இஷ்டமில்லன்னா நாளையிலேர்ந்து வராத" என்றார் அவர்.

"இத்தினி வருஷமா நாடே விக்காதத நான் எப்படி சார் டேப்பு ஒட்டி அனுப்புவேன்?"

சொல்லிவிட்டு டேப்பை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். வரிசையாக இருபது பெண்களும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தைக்கு வேலை போனால் அது என் அட்லஸால்தான்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். வயதான பாய். "இன்னாமா பேஜார்?" என்றார். நான் அட்லஸை விரித்து டர்பன்மேல் விரலை வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாம என் சரக்கு அங்க போவுதா? லேபிளைக் கிழிங்கமா!"

நாற்பது கைகள் ஒரே நேரத்தில் கிழித்த அந்தச் சத்தம் மாதிரி ஒன்றை நான் பிறகு கேட்டதே இல்லை. யாரோ விசிலடித்தார்கள். அத்தைதான் என்று இன்றும் சந்தேகம்.

அடுத்த நாள் அவள் என்னை ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம், அவளும் அப்பாவும் பிறந்த ஊருக்கு அழைத்துப் போனாள். டீக்கடை வாசலில் எங்கள் தெருக்காரர்களுக்கென்று தனியாகத் தகர டம்ளர்கள் தொங்கின. அத்தை அவற்றைத் தாண்டி உள்ளே போய், பெஞ்சில் உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ரெண்டு டீ. கண்ணாடி கிளாஸ்ல."

கடைக்காரர் அத்தையின் முகத்தைப் பார்த்தார். அத்தை கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கிளாஸ்களும் எங்கள் முன்னால் வந்தன.

டர்பனைக் கண்டுபிடித்ததற்கு எனக்குக் கொடுத்த பரிசு என்று நினைத்து, ஊதி ஊதிக் குடித்தேன்.