காலரில் ஓர் எண்

பேசிக்கொண்டே, சலவைக்கு வந்த சீருடைகளின் பைகளைத் துழாவுகிறார் அந்த அம்மா. மேல்சட்டையில் நான்கு, கால்சட்டையில் இரண்டு. ஒரு படைவீரனின் சீருடைக்கு ஆறு பைகள். ஆறையும் காலி செய்யாமல் எதுவும் வெந்நீர்த் தொட்டிக்குப் போகாது. பென்சில் முனை, பாதி கடித்த பிஸ்கட், ஒரு தடவை உயிருள்ள நத்தை. "பாவம், அதுவும் லீவுல வந்திருக்கு" என்று ஜன்னலோரம் இறக்கிவிட்டாராம். பை முடிந்ததும் காலரை மடித்து, உள்ளே குத்தியிருக்கும் படைவீரர் எண்ணைப் படிக்கிறார். அது அவர் வேலையில் சேர்த்தியில்லை. கணவர் போர்முனையில் இருக்கிறார். ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. அவருடைய எண்ணைத்தான் தேடுகிறார்.

ராணுவச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் இவர் 'பையக்கா'. முதல் நாள், பத்திரிகைக்கு எழுத வந்தவன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் கோட்டுப் பைக்குள்ளும் கை போய்விட்டது. "கோவிச்சுக்காதீங்க தம்பி, கை தானா போயிடுது" என்று என் அழுக்குக் கைக்குட்டையை மடித்தே திருப்பிக் கொடுத்தார். எனக்கு மானம் போயிற்று.

காலையிலேயே கூடமெல்லாம் வெந்நீர் ஆவி நிறைந்துவிடுகிறது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. கம்பிகளில் தொங்கும் மேல்சட்டைகள் மட்டும் மெல்ல அசைகின்றன, தூக்கத்தில் புரண்டு படுப்பவர்களைப் போல. நடுவே நடந்தபோது, எழுப்பிவிடுவேனோ என்று என் குரல் தானாகத் தாழ்ந்தது. பையக்காவுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. "தள்ளிக்கோப்பா" என்று ஒரு சட்டையைத் தோளால் இடித்துக்கொண்டு போகிறார்.

துணியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். வலது முழங்கை தேய்ந்திருந்தால் கடிதம் எழுதுகிறவன். ஒரே தோள் நைந்திருந்தால் துப்பாக்கி வாரை மாற்றிப் போடத் தெரியாத சோம்பேறி. பொத்தான்கள் போட்டபடியே இருக்க, கீழிருந்து மேலாகக் கத்தரித்த சட்டை வந்தால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். அடிபட்டவனுக்கு மருத்துவக் கூடாரத்தில் பொத்தான் கழற்ற யாருக்கு நேரம்?

வாரம் ஒரு லாரி, எண்ணூறு சட்டைகள். "அவரோடது வந்தாலும் பயம், வராட்டியும் பயம். நான் என்னன்னு வேண்டிக்கிறது, சொல்லுங்க?" என்று கேட்டார். படித்தவன் என்று பெயர்; அடுத்த சட்டையை எடுத்து நீட்டினேன்.

போன வியாழக்கிழமை, சவுக்காரம் தரம் கெட்டுப் போனதைத் திட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கையில் ஒரு மேல்சட்டை, காலர் மடித்தபடி. யாருடைய எண் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் முன்பக்கத்தைத்தான் பார்த்தோம். கத்தரி படவில்லை.

"வேற யாராவது கழட்டியிருக்கலாம் இல்ல?" என்றார். எனக்கும் அதே பயம்தான்; செத்தவன் உடம்பிலிருந்தும் சட்டையைக் கழற்றுவார்கள்.

சட்டையைப் புரட்டினார். இரண்டு கைகளும் உள்வெளியாகப் புரண்டு, சட்டைக்குள்ளேயே சுருண்டு கிடந்தன. மணிக்கட்டுப் பொத்தான்கள் போட்டது போட்டபடி.

"பாருங்க! இந்த மனுஷன் பண்ற வேலையைப் பாருங்க! மணிக்கட்டுப் பொத்தானைக் கழட்டவே மாட்டாரு. அப்படியே உருவி எறிவாரு. பதினாலு வருஷமா கத்துறேன், சட்டையை உரிக்காதீங்க, கழட்டுங்கன்னு. சண்டைக்குப் போயும் திருந்துதா பாருங்க!"

சிரிப்பும் அழுகையுமாகத் திட்டினார். அவ்வளவு ஆசையாக ஒருவரைத் திட்டி நான் கேட்டதில்லை. என் கண்ணும் கலங்கியது; ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தச் சட்டையும் தொட்டிக்குப் போக வேண்டியதுதான். கைகளை நேராக்க வேண்டும். தோள் வழியாகத் தன் கையை முழுக்க விட்டு, உள்ளே கிடந்த மணிக்கட்டு முனையைப் பிடித்தார். ஒரு இழுப்பில் நேராகியிருக்கும். இழுக்கவில்லை. அந்த மணிக்கட்டை அப்படியே இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.