முத்திரை மேல் வைத்த பொட்டு

மூன்று வருடங்களுக்கு முன், புனே சிஞ்ச்வட்டில் கார் உதிரி பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனியில் நடந்தது இது. ஏற்றுமதிக் காகித வேலை முழுக்க என் பொறுப்பு. எங்களுக்கு வந்த முதல் வெளிநாட்டு ஆர்டர், இங்கிலாந்தில் இறங்கி அங்கிருந்து அயர்லாந்து போக வேண்டும். முன்பெல்லாம் அந்த வழியில் கேள்வியே கிடையாதாம். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு நடுவில் சுங்கச் சோதனை முளைத்துவிட்டது.

ஒரு மத்தியானம் அங்கிருந்து எங்கள் சுங்க ஏஜென்ட் போன் செய்தார். அயர்லாந்து துறைமுகத்தில் சரக்கை நிறுத்திவிட்டார்களாம். பெட்டிகளை அடுக்கிய மரப் பேலட் ஒன்றில், பூச்சி போக மரத்தைச் சூடேற்றியதற்கான முத்திரை தெரியவில்லை. மாலைக்குள் காட்டாவிட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

முத்திரையைச் சரிபார்த்து அடுக்குவது பேக்கிங்கில் இருந்த மராட்டியரின் வேலை. எல்லார் முன்னாலும் அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் விடவில்லை. முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். நாளையிலிருந்து அந்த ஆள் வர வேண்டாம் என்றார் அவர்.

அப்புறம்தான் ஏஜென்ட் அனுப்பிய படம் வந்தது. கட்டை முழுக்க மஞ்சள், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. முத்திரை அதற்கு அடியில்! முதல் சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிய மகராசி நான்தான். படத்தை அந்த மராட்டியரிடமே நீட்டினேன்.

"ஷிக்கா தோனோ பாஜூ மே ஹை, மேடம். குமாகே தேக்னே கோ போலோ நா" என்றார். முத்திரை இரண்டு பக்கமும் உண்டு, பேலட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறார். அவர் முதலில் சொல்ல வந்ததும் இதுதானாம்.

ஏஜென்டிடம் சொல்லிவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனேன். சரக்கு போனாலும் போகட்டும், என் தப்புக்கு அவர் வேலை போகக் கூடாது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்; அவர் வேலை தப்பியது. அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். லாரிச் சுவரை ஒட்டியிருந்த பக்கத்தில் முத்திரை பளிச்சென்று இருக்கிறது, சரக்கை விட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்தது.

பூசும்போதே தடுத்திருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன். "பகவான் கா காம் தா, மேடம். கைசே ரோக்தா?" என்று சிரித்தார். சாமி காரியமாம், எப்படித் தடுப்பாராம்.

இப்போதும் ஒவ்வொரு சரக்குக்கும் பொட்டு வைக்கிறேன், அவர் விரல் காட்டும் இடத்தில். அன்று நான் முடிக்க விடாத அந்த வாக்கியம் ஒவ்வொரு முறையும் என்னைக் குத்துகிறது.